மின்னஞ்சலுக்கு ஒரு கடப்படி: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி ஒரே விடயத்தைச் சுற்றியவை. மெயில் சேர்வருக்கு முன்னால், குப்பை அஞ்சலையும் வைரஸையும் பிடிக்க ஒரு தனி வடிகட்டிச் சேர்வரை வைப்பது பற்றியவை. அதனால் இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: கைத்தறித் துணி விற்கிறோம், 14 பேர் வேலை செய்கிறார்கள். சொந்த டொமைன் உண்டு. மெயில் சேர்வர் கந்தோரிலேயே இருக்கிறது. குப்பை அஞ்சலால் ஓடர்கள் கண்ணில் படாமல் போகின்றன. தனி வடிகட்டி வைக்கச் சொல்கிறார்கள். அது என்ன செய்யும்? எங்கிருந்து தொடங்குவது? (மருதமுனை)

வெளியே உள்ள ஒரு சேர்வர் உங்களுக்கு அஞ்சல் கொண்டுவரும்போது, எந்த வாசலில் கொடுப்பது என்பதை உங்கள் டொமைனின் எம்.எக்ஸ். பதிவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. இப்போது அந்தப் பதிவில் கந்தோர்ச் சேர்வரின் பெயர் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு வடிகட்டியின் பெயரைப் போடுவதுதான் அடிப்படை வேலை. வடிகட்டி அஞ்சலை வாங்கிச் சோதித்து, தேறியதை மட்டும் உள்ளே கடத்தும். அஞ்சல் பெட்டிகள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஊழியர்களின் அவுட்லுக்கிலோ கைத்தொலைபேசியிலோ எதையும் மாற்றவேண்டாம்.

ஒரே சேர்வரில் எல்லாவற்றையும் செய்தால் என்ன என்று கேட்கலாம். செய்யலாம். ஆனால் வைரஸ் சோதனை நினைவகத்தை அள்ளிக் குடிக்கும் வேலை. கிளாம்ஏவி என்ற இலவச மென்பொருளுக்கு மட்டும் குறைந்தது 3 ஜீ.பி. வேண்டும். அது திணறினால் அஞ்சல் பெட்டிகளும் சேர்ந்து திணறும். பிரித்து வைத்தால் குப்பை உங்கள் கந்தோர் இணைப்பைத் தொடவே தொடாது.

உங்கள் அளவுக்கு 2 சீ.பி.யூ., 4 ஜீ.பி. நினைவகம், 40 ஜீ.பி. இடம் உள்ள வாடகைச் சேர்வர் ஒன்று போதும். மென்பொருளுக்கு இரண்டு வழிகள் உண்டு. அஞ்சலைக் கடத்தும் போஸ்ட்ஃபிக்ஸ், குப்பையைப் பிடிக்கும் ஆர்ஸ்பாம்டீ, வைரஸைப் பிடிக்கும் கிளாம்ஏவி மூன்றையும் நீங்களே சேர்த்துக் கட்டுவது ஒன்று. போஸ்ட்ஃபிக்ஸ், ஸ்பாம்அசாசின் (இதுவும் குப்பையைப் பிடிப்பது), கிளாம்ஏவி ஆகியவற்றை ஒன்றாக்கி, உலாவியிலேயே நிர்வகிக்கும்படி தரும் புராக்ஸ்மாக்ஸ் மெயில் கேட்வே மற்றது. முழுநேரத் தொழில்நுட்ப ஆள் இல்லாத கந்தோருக்கு நாங்கள் இரண்டாவதையே சொல்வோம்.

வடிகட்டியைக் கந்தோரில் வைக்காதீர்கள். வீட்டுப் பாவனை ஃபைபர் இணைப்புகளின் ஐ.பி. முகவரிகள் மாறக்கூடியவை. அவை பெரும்பாலும் தடைப்பட்டியல்களில் (அஞ்சல் ஏற்கத் தகாத ஐ.பி.களின் பட்டியல்கள்) முன்கூட்டியே இடம்பெற்றும் இருக்கும். நிலையான ஐ.பி. உள்ள தரவு மையமே சரி. காசு கட்டுமுன் அந்த நிறுவனத்திடம் இரண்டு விடயங்களைக் கேளுங்கள்: ஐ.பி.க்கு எதிர்ப்பெயர்ப் பதிவு (ஐ.பி.யைக் கொண்டு சேர்வரின் பெயரைக் காட்டுவது) போட்டுத் தருவார்களா? சேர்வர்கள் ஒன்றுக்கொன்று அஞ்சல் கொடுக்கும் வாசலான போர்ட் 25 இரு பக்கமும் திறந்திருக்குமா? பல நிறுவனங்கள் வெளியே போகும் 25ஐ அடைத்தே வைத்திருக்கின்றன. அப்படியானால், உள்ளே இருக்கும் உங்கள் சேர்வரை 2525 போன்ற வேறொரு போர்ட்டிலும் கேட்க வைத்து, வடிகட்டி அங்கே கொடுக்கும்படி செய்யலாம்.

வேலை ஒழுங்கு முக்கியம். எம்.எக்ஸ். மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்னரே அந்தப் பதிவின் டீ.டீ.எல். அளவை (மற்றச் சேர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 86400 விநாடியிலிருந்து 300க்குக் குறையுங்கள். பிழைத்தால் ஐந்து நிமிடத்தில் திரும்பிவர இதுதான் வழி. பிறகு வடிகட்டியில் உங்கள் டொமைன், உள்ளே இருக்கும் சேர்வரின் முகவரி, செல்லுபடியாகும் அஞ்சல் முகவரிகள் மூன்றையும் கொடுங்கள். எம்.எக்ஸைத் தொடாமலேயே, வெளியே உள்ள ஒரு கணினியிலிருந்து வடிகட்டியின் 25ஆம் போர்ட்டுக்கு நேரே அஞ்சல் அனுப்பிச் சோதியுங்கள். ஸ்வாக்ஸ் என்ற சிறு கருவி இதற்கென்றே இருக்கிறது.

குறைந்தது ஐந்து அஞ்சல்களாவது அனுப்பவேண்டும். சாதாரண அஞ்சல் ஒன்று, உள்ளே போகவேண்டும். ஜீடியூப் என்ற சோதனை வாசகம் உள்ளது ஒன்று, குப்பையாகப் பிடிபடவேண்டும். ஐகார் என்ற 68 எழுத்துச் சோதனைக் கோப்பை இணைத்தது ஒன்று, வைரஸாகப் பிடிபடவேண்டும். (அது வைரஸ் அல்ல, எல்லா வைரஸ் எதிர்ப்பு மென்பொருளும் பிடிக்கவேண்டும் என்று ஒப்புக்கொண்ட ஓர் எழுத்துத் தொடர். பயப்படவேண்டாம்.) உங்கள் டொமைனில் இல்லாத பெயருக்கு ஒன்று, 550 என்று (அதாவது ஒரேயடியாக) மறுக்கப்படவேண்டும். உங்களுடையது அல்லாத ஒரு டொமைனுக்கு ஒன்று. அதையும் மறுக்கவேண்டும். இந்தக் கடைசி அஞ்சலை வடிகட்டி ஏற்றுக்கொண்டால், ஊர் உலகத்துக் குப்பையெல்லாம் உங்கள் பெயரில் போகும் திறந்த மடை அது. அதைச் சரிசெய்யாமல் எம்.எக்ஸ். பக்கம் போகவே கூடாது.

ஐந்தும் சரியென்றால், கந்தோர் மூடிய பின் எம்.எக்ஸை மாற்றுங்கள். அதன் பிறகு செய்யவேண்டிய ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

கேள்வி: வடிகட்டிக்கு மாறி இரண்டு கிழமை. இன்னும் நாளுக்குப் பத்துப் பதினைந்து குப்பை அஞ்சல்கள் வருகின்றன. எம்.எக்ஸில் வடிகட்டியை 10 என்றும், பழைய சேர்வரை அவசரத்துக்கு 20 என்றும் போட்டிருக்கிறோம். (செங்கலடி)

அந்த 20ஐ இன்றே அழியுங்கள். எம்.எக்ஸில் சிறிய எண்ணே முதல் வாசல். ஒழுங்கான சேர்வர்கள் 10க்குப் போகும், அது கிடைக்காவிட்டால்தான் 20க்கு வரும். குப்பை அனுப்புகிறவர்களோ வேண்டுமென்றே பெரிய எண்ணைத் தேடிப் போவார்கள். பின்வாசலில் காவல் குறைவு என்பது அவர்களுக்குத் தெரியும்.

அழித்தாலும் போதாது. பழைய ஐ.பி. அவர்களின் பட்டியல்களில் ஏற்கனவே ஏறியிருக்கும். டொமைனுக்கு முன்னால் 'மெயில்' என்று சேர்த்துப் பார்த்தே உங்கள் சேர்வரைக் கண்டுபிடித்துவிடலாம். எனவே கந்தோர் ஃபயர்வோலில் போர்ட் 25ஐ வடிகட்டியின் ஐ.பி.க்கு மட்டும் திறந்து, மற்ற எல்லோருக்கும் மூடுங்கள். முன்னால் படலை போட்டுவிட்டு வேலியில் பொட்டு விட்டால் என்ன பயன்? ஊழியர்கள் வெளியிலிருந்து அஞ்சல் அனுப்பப் பாவிக்கும் 587, 465 போர்ட்டுகளைத் தொடவேண்டாம். அவற்றில் கடவுச்சொல் கேட்கும்.

எம்.எக்ஸ். மாற்றிய அன்றே அடைத்தால், பழைய பதிவை நினைவில் வைத்திருக்கும் சேர்வர்களின் அஞ்சல் தாமதமாகும். இரண்டு நாள் விட்டு அடையுங்கள். உங்களுக்கு இரண்டு கிழமை ஆகிவிட்டது, தயங்கவேண்டாம்.

எந்த அஞ்சல் எந்த வழியால் வந்தது என்று பார்க்க, அதன் தலைப்பகுதியைத் திறந்து 'ரிசீவ்ட்' வரிகளைக் கீழிருந்து மேலே வாசியுங்கள். வடிகட்டியின் பெயர் எங்குமே இல்லையென்றால் அது வேலி பாய்ந்து வந்தது.

கேள்வி: விருந்தினர் விடுதி நடத்துகிறோம். வடிகட்டி வைத்த பிறகு எங்கள் ஐ.பி. தடைப்பட்டியலில் ஏறிவிட்டது. நாங்கள் யாருக்கும் குப்பை அனுப்பவில்லை. வடிகட்டியில் அனுப்பக் காத்திருக்கும் வரிசையைப் பார்த்தால் யாரென்றே தெரியாதவர்களுக்குப் போகும் நூற்றுக்கணக்கான 'சேர்க்க முடியவில்லை' அறிவித்தல்கள் நிற்கின்றன. (பொத்துவில்)

உங்கள் வடிகட்டிக்கு யார் யார் உங்கள் வீட்டு ஆட்கள் என்று தெரியாது. அதுதான் முழுக் காரணமும்.

நடப்பது இதுதான். குப்பை அனுப்புகிறவன் கற்பனைப் பெயர்களுக்கெல்லாம் உங்கள் டொமைனில் அஞ்சல் விடுகிறான். வடிகட்டி எல்லாவற்றையும் "சரி, வாங்கிக்கொண்டேன்" என்று ஏற்கிறது. பிறகு உள்ளே கொடுக்கப் போனால், உள்ளே இருக்கும் சேர்வர் "அப்படி ஒருவர் இங்கில்லை" என்கிறது. பொறுப்பெடுத்துவிட்ட வடிகட்டி இப்போது அனுப்பியவருக்கு அறிவித்தல் எழுதவேண்டும். அனுப்பியவர் முகவரியோ போலி, யாரோ ஓர் அப்பாவியுடையது. அந்த அப்பாவிகளுக்கு நீங்கள் குப்பை அனுப்புகிறீர்கள். பட்டியலில் ஏற்றியவர்கள் செய்தது நியாயம்தான்.

மறுப்பதானால் கடப்படியில் வைத்தே மறுக்கவேண்டும், வீட்டுக்குள் எடுத்த பிறகல்ல. எதிர்ச் சேர்வர் இன்னும் இணைப்பில் இருக்கும்போதே 550 என்று சொல்லிவிட்டால், நீங்கள் யாருக்கும் எதுவும் எழுதவேண்டியதில்லை.

இதற்கு இரண்டு வழிகள். முகவரிப் பட்டியலை வடிகட்டியில் எழுதிவைப்பது ஒன்று. இருபது முகவரிக்கு இதுவே சுகம். ஒவ்வொரு புதிய முகவரியையும் வடிகட்டி உள்ளே இருக்கும் சேர்வரிடம் கேட்டு உறுதிப்படுத்துவது மற்றது. புராக்ஸ்மாக்ஸில் 'பெறுநரைச் சரிபார்' என்ற பொருளில் ஒரு தெரிவு உண்டு, அதை 550க்கு வையுங்கள். போஸ்ட்ஃபிக்ஸை நீங்களே கட்டியிருந்தால், சரிபார்ப்பு மறுப்பின் இயல்பான எண் 450, அதாவது "பிறகு வா". எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று உறுதியான பின் 550 ஆக்குங்கள். இந்த இரண்டாம் வழிக்கு, உள்ளே இருக்கும் சேர்வர் 'எந்தப் பெயருக்கு வந்தாலும் ஏற்றுக்கொள்' என்ற நிலையில் இருக்கக்கூடாது. இன்னொன்று: 'இல்லை' என்ற பதிலைப் போஸ்ட்ஃபிக்ஸ் சில மணி நேரம் நினைவில் வைத்திருக்கும். புதிய ஊழியருக்கு முகவரி திறந்த அன்று அஞ்சல் மறுக்கப்பட்டால் இதை நினைத்துப் பாருங்கள்.

அளவிலும் இதே சிக்கல் வரும். வடிகட்டி 30 எம்.பி. வரை ஏற்று, உள்ளே இருப்பது 10 எம்.பி.யில் மறுத்தால் அதே அறிவித்தல் மழைதான். வடிகட்டியின் எல்லை உள்ளே இருப்பதன் எல்லையைத் தாண்டக்கூடாது. இணைத்த கோப்பு அஞ்சலில் ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு வீங்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். 10 எம்.பி. எல்லை என்றால் நடைமுறையில் 7 எம்.பி. படங்கள்தான் போகும்.

பட்டியலிலிருந்து பெயர் நீக்க விண்ணப்பிப்பது இதையெல்லாம் சரிசெய்து வரிசையையும் வெறுமையாக்கிய பிறகு. அதற்கு முன் விண்ணப்பித்தால் மறுபடி ஏறுவீர்கள்.

கேள்வி: அரிசி ஆலை. எட்டு மாதம் ஒழுங்காக ஓடிய வடிகட்டி ஒரு நாள் காலையில் எல்லா அஞ்சலையும் மறுக்கத் தொடங்கியது. ஜீமெயிலிலிருந்து வருவதைக்கூட 'தடைப்பட்டியலில் உள்ளது' என்று திருப்பியது. முதல் நாள் மாற்றியது சேர்வரின் டீ.என்.எஸ். முகவரியை 8.8.8.8 ஆக்கியது மட்டும்தான். (சம்மாந்துறை)

அதுதான் காரணம். ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியல்களை வடிகட்டி டீ.என்.எஸ். (டொமைன் பெயர்களுக்கு ஐ.பி. தேடித் தரும் முறை) வழியாகத்தான் கேட்கிறது. 8.8.8.8 போன்ற பொதுப் பாவனை டீ.என்.எஸ். சேர்வர்கள் வழியே வரும் கேள்விகளுக்கு ஸ்பாம்ஹவுஸ் பதில் தருவதில்லை. யார் கேட்கிறார்கள் என்று அவர்களால் பிரித்தறிய முடியாது. பதிலுக்குப் பதிலாக 127.255.255.254 என்ற பிழைக் குறியீட்டை அனுப்புகிறார்கள். உண்மையில் பட்டியலில் உள்ள ஐ.பி.க்கு வரும் பதில் 127.0.0. என்று தொடங்கும். உங்கள் வடிகட்டியோ 'எந்தப் பதில் வந்தாலும் குற்றவாளி' என்று அமைக்கப்பட்டிருக்கிறது.

இரண்டையும் திருத்துங்கள். வடிகட்டிச் சேர்வரிலேயே அன்பவுண்ட் என்ற சிறிய டீ.என்.எஸ். மென்பொருளை நிறுவி, அதை வேறெங்கும் கைமாற்றாமல் தானே தேடும்படி விட்டு, சேர்வரின் டீ.என்.எஸ். முகவரியை 127.0.0.1 (அதாவது அதே சேர்வர்) ஆக்குங்கள். தடைப்பட்டியல் விதியிலும் 127.0.0. என்று தொடங்கும் பதில்களை மட்டும் கணக்கெடுக்கும்படி எழுதுங்கள். நீங்கள் வணிக நிறுவனம் என்பதால், இலவசப் பாவனை நிபந்தனைகளையும் வாசித்து, பதிவுசெய்து சாவி பெறும் முறைக்கு மாறுவது நேர்மையானது.

அந்தக் காலையில் 550 என்று மறுக்கப்பட்டவை திரும்பி வரமாட்டா. பதிவேட்டில் அனுப்பியவர்களின் முகவரிகள் இருக்கும். எடுத்து ஒவ்வொருவருக்கும் எழுதுங்கள். நெல் கொள்வனவுக் காலத்தில் இது சின்ன விடயமல்ல.

கேள்வி: வடிகட்டி வந்ததிலிருந்து வங்கியின் அஞ்சல்கள், உண்மையானவையே, 'குப்பை' கோப்புறைக்குப் போகின்றன. (கல்முனை)

இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்வதால் வரும் கோளாறு. எஸ்.பி.எவ். என்பது "எங்கள் டொமைனின் அஞ்சல் இந்த ஐ.பி.களிலிருந்துதான் வரும்" என்று அனுப்புபவர் வெளியிடும் அறிவித்தல். உள்ளே இருக்கும் உங்கள் சேர்வருக்கு இப்போது எல்லா அஞ்சலும் வடிகட்டியின் ஐ.பி.யிலிருந்துதான் வருகிறது. வங்கியின் பட்டியலில் உங்கள் வடிகட்டி இருக்காது. ஆகவே போலி என்று முடிவு கட்டுகிறது.

எஸ்.பி.எவ்., தடைப்பட்டியல் சோதனை, கிரேலிஸ்டிங் (கீழே சொல்கிறோம்) ஆகிய மூன்றையும் வடிகட்டியில் மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதில் நிறுத்துங்கள். ஒரே ஐ.பி.யிலிருந்து நிறைய இணைப்புகள் வந்தால் தடைசெய்யும் ஃபெயில்டூபேன் போன்ற காவல்களிலும் வடிகட்டிக்கு விலக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் சேர்வர் தன் சொந்த வாசலையே பூட்டிவிடும்.

வடிகட்டி தலைப்பில் 'குப்பை' என்ற சொல்லை ஒட்டுகிறதா, அடியில் எச்சரிக்கை வரி சேர்க்கிறதா என்றும் பாருங்கள். அஞ்சல் வழியில் மாறவில்லை என்று காட்ட அனுப்பும் சேர்வர் இடும் டிகிம் கையொப்பம் தலைப்பையும் உடலையும் மூடி நிற்கும். ஒரு சொல் சேர்த்தாலும் கையொப்பம் முறியும். மறைந்திருக்கும் தலைப்பகுதி வரியாகக் குறியிட்டால் அந்தக் கேடு இல்லை.

ஓ.டீ.பீ. அஞ்சல்கள் பிந்தி வருகின்றன என்றால் அது கிரேலிஸ்டிங். முதன்முறை வரும் அனுப்புநரைப் "பிறகு வா" என்று திருப்பும் உத்தி அது. புராக்ஸ்மாக்ஸில் இயல்பாகவே இயங்கும். வங்கிக் குறியீடு சில நிமிடத்தில் காலாவதியாகும். வங்கி டொமைன்களுக்கு விலக்குக் கொடுங்கள், அல்லது அதை நிறுத்தியே விடுங்கள். எங்கள் எண்ணத்தில் இன்று அதன் பயன் அதன் தொல்லைக்கு ஈடல்ல.

கேள்வி: சமூகசேவை அமைப்பு. தமிழில் எழுதும் அஞ்சல்களே அதிகம் பிடிபடுகின்றன. வடிகட்டிக்குத் தமிழ் தெரியாதா? (கல்லடி)

கற்பித்தால் தெரியும். முதலில் மொழி அமைப்பைப் பாருங்கள். சில வடிகட்டிகளில் அனுமதித்த மொழி ஆங்கிலம் மட்டும் என்று இருக்கும். தமிழையும் சிங்களத்தையும் சேருங்கள். ஸ்பாம்அசாசின் பழைய பதிப்பென்றால் 4.0க்கு அல்லது அதற்குப் பிந்தியதற்கு மாறுங்கள். யூனிகோட் எழுத்துகளை அது சரிவரக் கையாள்கிறது.

அடுத்தது பயிற்சி. பேய்ஸ் என்ற கற்கும் பகுதி, 200 நல்ல அஞ்சலும் 200 குப்பையும் காட்டப்படும் வரை வாயே திறக்காது. பலர் குப்பையை மட்டும் காட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள். உங்கள் பழைய கோப்புறைகளிலிருந்து நல்ல தமிழ் அஞ்சல்கள் 200ஐ எடுத்துக் கொடுங்கள். அறிக்கைகள், கூட்ட அழைப்புகள், கிராமங்களிலிருந்து வருபவை என்று கலந்து கொடுங்கள்.

பாமினி எழுத்துருவில் அடித்து அப்படியே அஞ்சலில் ஒட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எழுத்துரு இல்லாத இடத்தில் அது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குழப்பம். வடிகட்டி காண்பதும் அந்தக் குழப்பத்தைத்தான். அதற்குத் தீர்வு வடிகட்டியில் இல்லை. யூனிகோடுக்கு மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். வேர்ட் கோப்பாக இணைத்து வந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

கேள்வி: எங்கள் பாடசாலைப் பழைய மாணவர் சங்கம் கூகுள் வேர்க்ஸ்பேஸ் பாவிக்கிறது. முன்னால் தனி வடிகட்டி வேண்டுமா? (களுவாஞ்சிகுடி)

வேண்டாம். கூகுளின் வடிகட்டலே உங்களுக்குப் போதும். அந்தக் காசைப் பிள்ளைகளுக்குச் செலவழியுங்கள். வேறு காரணத்துக்காகக் கட்டாயம் வைக்கவேண்டியவர்கள், வேர்க்ஸ்பேஸ் நிர்வாகப் பகுதியில் 'உள்வரும் நுழைவாயில்' அமைப்பில் வடிகட்டியின் ஐ.பி.யைக் கொடுத்து, அதன் வழியாக வராத அஞ்சலை மறுக்கும் தெரிவையும் இடவேண்டும். இல்லாவிட்டால் செங்கலடி வாசகரின் நிலைதான்.

கேள்வி: வெளிநிறுவனம் ஒன்றின் வடிகட்டிச் சேவையை மாதக் கட்டணத்துக்கு வாங்க யோசிக்கிறோம். நாங்கள் தனியார் மருத்துவ நிலையம். எங்கள் அஞ்சலை அவர்கள் வாசிக்க முடியுமா? (அக்கரைப்பற்று)

முடியும். டீ.எல்.எஸ். மறைகுறியாக்கம் ஒரு சேர்வருக்கும் அடுத்த சேர்வருக்கும் இடையிலான பாதையை மட்டுமே மூடும். சோதிப்பதற்கு வடிகட்டி அஞ்சலைத் திறந்தே ஆகவேண்டும். நோயாளிகளின் அறிக்கைகள் போகும் இடமென்றால், தடுத்துவைத்த அஞ்சல்கள் எந்த நாட்டில், எத்தனை நாள் இருக்கும், யார் திறக்கலாம், ஒப்பந்தம் முடிந்தால் எப்போது அழிப்பார்கள் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி உங்கள் சட்டத்தரணியிடமும் ஒருக்கால் பேசுங்கள். ஆய்வுகூட அறிக்கைகளை அஞ்சலில் வெறுமையாக இணைக்கும் பழக்கத்தையே விடுவது இன்னும் நல்லது.

கேள்வி: கடவுச்சொல் போட்ட ஸிப் கோப்புகளுக்குள் வைரஸ் வருகிறது. கிளாம்ஏவி பிடிக்கவில்லையே? (காத்தான்குடி)

பூட்டிய பெட்டிக்குள் அதனால் பார்க்க முடியாது. கடவுச்சொல்லை அஞ்சலிலேயே எழுதி அனுப்புவது அதற்காகத்தான். பூட்டிய ஸிப்பை எச்சரிக்கையாகக் கொள்ளும் தெரிவு கிளாம்ஏவியில் உண்டு. இயல்பில் அது நிறுத்தப்பட்டிருக்கும், இயக்குங்கள். பிடிபட்டதை அழிக்காமல் தடுத்துவைக்கச் செய்யுங்கள். கணக்காளர்கள் உண்மையிலேயே பூட்டி அனுப்புவதுண்டு. எக்ஸ்.ஈ., எஸ்.சி.ஆர்., ஜே.எஸ்., வி.பி.எஸ்., எல்.என்.கே., ஐ.எஸ்.ஓ. வகைக் கோப்புகளை வைரஸ் சோதனைக்குக் காத்திராமல் வகையைக் கொண்டே மறுக்கலாம். கடைக் கணக்குக்கு இவற்றில் ஒன்றுகூடத் தேவைப்படாது.

கேள்வி: மாரியில் மின்சாரமும் இணைப்பும் இரண்டு மூன்று நாள் இல்லாமல் போகிறது. அந்த நாட்களின் அஞ்சல் என்ன ஆகும்? (வாழைச்சேனை)

வடிகட்டி வெளியே தரவு மையத்தில் இருந்தால் அங்கே வரிசையில் காத்திருக்கும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான பொறுமை 5 நாள். அதன்பின் அனுப்பியவருக்கே திருப்பிவிடும். வெள்ளக் காலம் தொடங்குமுன், ஐப்பசியிலேயே அதை 10 நாளாக்கி வையுங்கள். வட்டில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 40 ஜீ.பி.யில் பதிவேடுகளும் தடுத்துவைத்தவையும் பாதியைத் தின்றிருக்கும்.

பெறுநரை உள்ளே கேட்டு உறுதிப்படுத்தும் முறையில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு பொறி உண்டு. உள்ளே இருக்கும் சேர்வர் இருட்டில் கிடக்கும்போது, நினைவில் இல்லாத முகவரிகளை வடிகட்டியால் சரிபார்க்க முடியாது, 450 சொல்லி அனுப்பும். அனுப்பியவர்களின் சேர்வர்கள் திரும்பத் திரும்ப வரும், ஆனால் எத்தனை நாளுக்கு என்பது அவர்கள் கையில். மழைக்கால வெட்டுக்குப் பழகிய ஊர்களில், முகவரிப் பட்டியலை வடிகட்டியில் எழுதிவைக்கும் முதல் வழியையே எடுங்கள்.

மின்சாரம் வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் பாயாது. இடைவெளி கூடிக் கூடி, ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் சில அஞ்சல்கள் காத்திருக்கும். வரிசையை உடனே தள்ளிவிடும் கட்டளையை ஒருமுறை கொடுங்கள். கொடுக்குமுன் கந்தோர் இணைப்பின் ஐ.பி. மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டர் அணைந்து எழும்பும்போது பல இணைப்புகளில் ஐ.பி. மாறிவிடும், வடிகட்டி பழைய முகவரியிலேயே தட்டிக்கொண்டு நிற்கும். நிலையான ஐ.பி. எடுக்க வசதியில்லாதவர்கள், கந்தோர்ச் சேர்வரிலிருந்து வடிகட்டிக்கு வயர்காட் சுரங்கம் (இணையத்தின் ஊடாகப் போகும் மறைகுறியாக்கிய தனிப்பாதை) ஒன்றைப் போட்டு, அந்தச் சுரங்கத்தின் உள் முகவரிக்கே அஞ்சலைக் கொடுக்கச் செய்யலாம். கந்தோரின் பக்கமிருந்து இணைப்பு எழும்புவதால் வெளி ஐ.பி. எத்தனை தரம் மாறினாலும் பிரச்சினை இல்லை. 4ஜீ ரவுட்டரில் ஓடும் கந்தோருக்கும் இது பொருந்தும். கந்தோர்ப் பக்கத்துப் போர்ட் 25ஐ வெளியுலகத்துக்கு முழுவதுமாக மூடிவிடலாம்.